மாடு கொடுத்த புகார்: சீனத்துப் புத்தாண்டுப் படமும் சிவகாசிக் காலண்டரும்

1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனக் குடியரசு பிறந்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், நவம்பர் 27 அன்று, அதன் கலாச்சார அமைச்சகத்தின் ஓர் அறிவிப்பு 'மக்கள் தினசரி'யில் வெளியானது. தெற்கிலும் மேற்கிலும் உள்நாட்டுப் போரின் கடைசிச் சண்டைகள் இன்னும் ஓயவில்லை. தலைக்கு மேல் ஆயிரம் வேலை. அந்த நேரத்தில் அமைச்சகம் எடுத்துப் பேசிய விஷயம் என்ன தெரியுமா? வரப்போகிற புத்தாண்டுக்கு விவசாயி தன் வீட்டுச் சுவரில் என்ன படம் ஒட்ட வேண்டும் என்பது. கையெழுத்துப் போட்ட அமைச்சர் மாவ் துன். அவர் அரசியல்வாதி ஆவதற்கு முன்பே பெரிய நாவலாசிரியர்.

சீனத்தில் 'நியன்ஹுவா' என்று ஒரு படவகை உண்டு. புத்தாண்டுப் படம் என்று சொல்லலாம். மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் ஏற்றி, தாளில் அச்சிடுவார்கள். தியான்ஜின் பக்கத்தில் இருக்கிற யாங்லியுசிங், சூச்சோவின் தாவ்ஹுவாவு போன்ற இடங்கள் இதற்குப் பேர்போனவை. வாசல் கதவில் காவல் தெய்வங்கள், அடுப்படியில் அடுப்புச் சாமி, உள்ளே கொழுகொழுக் குழந்தை, மீன், தாமரை. வருஷத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். அடுப்புச் சாமி படத்தின் மேல்பகுதியில் பல நேரம் அந்த வருஷத்து நாள்காட்டியும் அச்சாகியிருக்கும். விதைப்புக்கும் அறுப்புக்கும் பருவம் பார்க்க அது உதவும்.

சாமி, குழந்தை, நாள், பருவம், வருஷத்துக்கு ஒரு தாள். சீனத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணுக்குள் வந்து நின்றது சிவகாசி.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்க ஊர்ல கம்யூனிசம் ஆட்சிக்கு வந்ததில்லை. கொடியாகவும் சங்கமாகவும் இரவுக் கூட்டமாகவும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் சுவரில் மாட்ட வேண்டிய படத்தை எந்த அமைச்சரும் தீர்மானிக்கவில்லை. சந்தைதான் தீர்மானித்தது. ஒரே காலகட்டத்தில் விவசாயியின் சுவரை ஒரு பக்கம் அரசும் இன்னொரு பக்கம் சந்தையும் எடுத்துக்கொண்டன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'கலையா, பிரச்சாரமா' என்று நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிற சண்டை கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

1. சாமியை எடுத்துவிட்டு டிராக்டர்

மாவ் துன்னின் அறிவிப்பை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. மக்களிடம் மிக ஆழமாகப் போய்ச் சேரும் கலை இதுதான் என்று அவர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். புதிய படங்கள் மலிவாக இருக்க வேண்டும். ஊதுபத்திக் கடை, சின்னப் புத்தகக் கடை, தோளில் சுமந்து விற்பவர் என்று பழைய படங்கள் விற்கும் வழிகளையே பயன்படுத்த வேண்டும் என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். வடிவம் பழையது, உள்ளடக்கம் புதியது. போர் வெற்றி, புதிய குடியரசு, உழவும் ஆலையும் மறுபடி எழுவது ஆகியவை இனிப் படத்தில் வர வேண்டும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1942 மே மாதம் யெனான் குகை நகரத்தில் மாவோ கலை இலக்கியம் பற்றிப் பேசினார். கலை உழைப்பவருக்கானது, கலைஞர்கள் அவர்களிடம் போய்க் கற்க வேண்டும் என்றார். கூ யுவான் போன்ற மரச்செதுக்கு ஓவியர்கள் கிராமத்துக்குப் போனார்கள். ஐரோப்பிய பாணியில் முகத்தின் ஒரு பக்கத்தை நிழலாகக் காட்டிச் செதுக்கியிருந்தார்கள். விவசாயிகளுக்கு அது பிடிக்கவில்லை. மனுஷனுக்கு எதற்குப் பாதி முகம் கறுப்பு? ஓவியர்கள் நிழலை எடுத்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினார்கள். கலைஞன் மக்களிடம் கற்ற உண்மையான தருணம் அது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் 1949க்குப் பிறகு, அடுப்புச் சாமி வேண்டும் என்று அதே விவசாயிகள் சொன்னபோது அந்தக் காது கேட்கவில்லை. இந்தக் காலகட்டத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சாங் தை ஹுங், புதிய படங்களுக்கு விவசாயிகள் காட்டிய எதிர்ப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் கோஷம் போட்டு எதிர்க்கவில்லை. வாங்காமல் இருந்தார்கள். பழைய படத்தைத் தேடிப் போனார்கள். பல வீடுகளில் இன்னொன்றும் நடந்தது. அடுப்புச் சாமி இருந்த இடத்தில் மாவோ படம் ஏறியது. சாமி போகவில்லை, ஆள் மாறினார். தலைவர் படத்துக்கு மாலை போட்டுப் பொட்டு வைக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசு மாற்ற நினைத்தது படத்தை மட்டும் அல்ல. 1950 ஜூனில் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக நிலமில்லாதவர் கைக்கு நிலம் வந்தது. அது பொய்யில்லை. அந்த வருஷத்துப் படங்களில் சிரிக்கிற விவசாயியின் சிரிப்பில் கொஞ்சமாவது உண்மை இருந்திருக்கும். 1953இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. இரும்பும் இயந்திரமும் முதலில் என்று முடிவானது. அதற்கு வேண்டிய உபரி எங்கிருந்து வரும்? வயலில் இருந்துதான். அதே வருஷக் கடைசியில் தானியக் கொள்முதல் அரசின் கைக்குப் போனது. விலையை அரசே வைத்தது. 1956க்குள் பெரும்பாலான நிலமும் மாடும் கூட்டுறவுக்குள் வந்துவிட்டன. கையில் வந்த நிலம் ஐந்தாறு வருஷத்தில் கையைவிட்டுப் போனது. படத்தில் இருந்த விவசாயி மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை.

2. சுவரில் ஒரு மாடு

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு படம். ஜியாங்சு மாகாணத்தில் பீ என்று ஒரு மாவட்டம். 1955இல் அங்கே ஒரு கிராமத்துச் சுவரில் ஒரு விவசாயி படம் வரைந்தார். அதன் பெயர் 'கிழட்டு மாடு புகார் கொடுக்கிறது'. கூட்டுறவுச் சங்கத்து மாட்டைப் பராமரிக்கிற ஆள், அதன் தீனியைத் திருடுகிறார். யாரிடம் போய்ச் சொல்வது? நேற்றுவரை மாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். இன்றைக்கு அது எல்லாருடைய மாடு, அதாவது யாரும் கேட்க நாதியில்லாத மாடு. அதனால் மாடே வந்து புகார் சொல்கிறது.

விமர்சனம் என்ற வகையில் இந்தப் படத்தை நான் உயர்ந்த இடத்தில் வைப்பேன். அதில் எதிரி 'நிலப்பிரபுத்துவம்' அல்ல. தீனி எடுத்த ஓர் ஆள். திருட்டு நடந்த இடம் தெரியும், பொருள் தெரியும், நஷ்டப்பட்டவர் யார் என்று தெரியும். படத்தைப் பார்க்கப் போகிறவருக்கும் அந்த மாட்டைத் தெரியும். வரைந்தவரும் பார்ப்பவரும் குற்றவாளியும் ஒரே ஊர். இதைவிடக் குறிப்பான கலை இருக்க முடியாது. புதிய சமூகத்துக்கு எதிரான படமும் அல்ல அது. புதிய சமூகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சொல்கிற படம்.

மூன்றே வருஷம். 1958இல் மாபெரும் பாய்ச்சல் தொடங்கியது. ஊர்கள் கம்யூன்கள் ஆயின. கொல்லைப்புறத்தில் உலை வைத்து இரும்பு உருக்கினார்கள். அதே பீ மாவட்டம் விவசாயி ஓவியத்துக்கான நாட்டின் முன்மாதிரி ஆனது. இப்போது சுவர் முழுக்க விளைச்சல். ஆளை மறைக்கிற கதிர், வீட்டளவு பன்றி, வானத்தைத் தொடுகிற குதிர். நாடு முழுக்க நாட்டுப்பாடல் சேகரிப்பும் எழுதுதலும் இயக்கமாக நடந்தன. ஆகஸ்ட் மாதம் 'மக்கள் தினசரி'யில் ஒரு புகைப்படம் வந்தது: அடர்ந்து நிற்கும் நெற்கதிர்மேல் குழந்தைகள் நிற்கிறார்கள், கதிர் சாயவில்லை. பல வயல்களின் பயிரைப் பிடுங்கி ஒரே வயலில் நெருக்கி நட்டு எடுத்த படம் அது. அந்த விளைச்சல் கணக்கை நம்பிக் கொள்முதல் கணக்குப் போட்டார்கள். 1959 முதல் 1961 வரை பஞ்சம். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களின் மதிப்பீடு ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடிவரை போகிறது.

அந்த வருஷங்களில் புகாருக்கு என்ன ஆனது? 1959 கோடையில் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாய்ச்சலில் நடக்கிற தவறுகளைச் சொன்னார். பதவி போனது. கொரியப் போரில் படை நடத்திய தளபதிக்கே அந்தக் கதி என்றால், சுவரில் மாடு வரைகிறவர் என்ன செய்வார்? பெரிய பன்றியை வரைவார்.

இங்கேதான் நான் ஒரு கோடு போடுகிறேன். 1955 படமும் 1958 படமும் இரண்டுமே அரசியல் படம்தான், இரண்டுமே மக்கள் கலைதான். ஒரே மாவட்டம், ஒரே வகைச் சுவர். 'பிரச்சாரம்' என்ற சொல்லை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிப்பது ஒரே கேள்வி: இந்தப் படத்துக்குள் இருந்து யாராவது புகார் சொல்ல முடியுமா?

3. வெயிலும் வெள்ளைத் தாளும்

இந்தக் கேள்வியோடு ஊருக்குத் திரும்புவோம். விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தி, சோளம், கம்பு, மல்லி. மழை பொய்த்தால் ஒன்றும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பிறகு பட்டாசு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் அச்சு. அச்சு வந்த பிறகு காலண்டர். பயிரைக் கருக்குகிற வெயில்தான் மருந்தையும் குச்சியையும் காயவைக்கிறது. மாவோ வயலின் உபரியைத் திட்டம் போட்டு ஆலைக்கு மாற்றினார். இங்கே திட்டம் ஏதும் தேவைப்படவில்லை. மழை பெய்யவில்லை, வயலில் இருந்த கைகள் அதிகாலை வண்டி ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் போயின. பிள்ளைகளின் கைகளும் சேர்ந்து போயின. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில்தான்.

காலண்டரைக் கேலி செய்வது சுலபம். பளபளப்பு, ஃபாயில், எம்போஸ், ரோஸ் கன்னத்து முருகன். நான் கேலி செய்ய மாட்டேன். 1899இல் சிவகாசியில் நடந்த கலவரத்தின் வேர் கோயில் நுழைவு. நாடார்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்றார்கள். 1939இல் சட்டம் வரும்வரை அந்தக் கதவு ஒழுங்காகத் திறக்கவில்லை. அப்படித் தடுக்கப்பட்ட ஊர்தான் பிறகு சாமியை லட்சக்கணக்கில் அச்சடித்து இந்தியா முழுக்க அனுப்பியது. எந்தச் சாதிக்காரர் குடிசையிலும் ஓர் ஆணி போதும், சாமி வந்துவிடுவார். இது சின்னப் புரட்சி இல்லை. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் நாடக மேடைத் திரையின் அழகை அந்தத் தாளுக்குக் கொண்டுவந்தார்கள். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட 'காட்ஸ் இன் தி பஜார்' நூலில் இந்தக் கலையைச் சந்தையின் உள்ளே வைத்தே அலசியிருக்கிறார். படிக்க வேண்டிய புத்தகம்.

சீன அரசு சாமியை எடுக்கப் பார்த்தது, தோற்றது. சிவகாசி சாமியைக் கொடுத்தது, ஜெயித்தது. கதை இதோடு முடிந்தால் சந்தைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை.

வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளிவரும். ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். சாமி, குழந்தை, அருவி, தலைவர், சுவிட்சர்லாந்துப் பனிமலை. 'ஜெய் ஜவான் ஜெய் கிசான்' என்று 1965இல் சாஸ்திரி சொன்ன பிறகு, இந்தியக் காலண்டர்களில் உழவரும் சிப்பாயும்கூட வந்தார்கள். அந்த உழவரும் சிரித்தார், சீனத்து உழவர் போலவே கன்னம் சிவந்திருந்தார். குச்சி அடுக்குகிற பெண்ணையோ, சரவெடி பின்னுகிற விரலையோ, மருந்து கலக்குகிறவரையோ நான் எந்தக் காலண்டரிலும் பார்த்ததில்லை. எதற்கு வேண்டும் என்று கேட்பீர்கள். யார் வாங்குவார்கள்? சரியான கேள்வி. அந்தக் கேள்விதான் இங்கே அமைச்சகம்.

என் அத்தை ஒருவர் பத்து வருஷம் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற வேலை பார்த்தவர். ஒரு தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் பெரிய லட்சுமி காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். "அத எதுக்குய்யா கொண்டாந்த? பகல் பூரா பாக்கேன், வீட்லயும் வந்து பாக்கணுமாக்கும்?" என்றார். பிறகு மாட்டத்தான் செய்தார், நல்ல நேரம் பார்க்க வேண்டுமே. அவருக்கு அந்தப் படம் சாமியும்தான், சம்பளமும்தான். கலை விமர்சனத்தில் நாம் 'ரசிகர்' என்று சொல்கிற ஆள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்.

4. செப்டம்பர் 5

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகை வேறு ஒருவருக்கு, ஓர் அறையில் இருக்க வேண்டியதைவிட அதிகம் பேர், அதிகம் மருந்து. விபத்துக்குப் பிறகு வருகிற செய்திகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற விவரங்கள் இவை.

தினசரி காலண்டரில் செப்டம்பர் 5 தாளைப் பாருங்கள். ஆசிரியர் தினம். கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம். ஒரு நாளில் எந்த ஒன்றரை மணி நேரம் ஆபத்தானது என்று துல்லியமாகச் சொல்கிற தாள் அது. முதலிப்பட்டியிலிருந்து கூப்பிடு தூரத்து ஊரில் அச்சானது. அந்த ஊருக்கு நடந்த ஆபத்துக்கு அதில் ஒரு வரி இடம் இல்லை.

சந்தையை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சீனத்துக்கும் ஒரு சிவகாசி இருக்கிறது. மாவோ பிறந்த ஹுனான் மாகாணத்து லியுயாங், பல நூற்றாண்டாகப் பட்டாசு செய்கிற ஊர். 2019 டிசம்பர் 4 அன்று அங்கே ஓர் ஆலை வெடித்தபோது செத்தவர்கள் 7 பேர் என்று முதலில் அறிவித்தார்கள். உண்மையில் 13 பேர். உள்ளூர் அதிகாரிகள் மறைத்தது பிறகு வெளியே வந்தது. 1958இல் விளைச்சலைக் கூட்டிச் சொன்ன அதே பழக்கம், சாவைக் குறைத்துச் சொன்னது. இரண்டு கணக்கிலும் காணாமல் போவது, தன் பெயரில் புகார் சொல்லக்கூடிய ஓர் ஆள்.

5. யாருடைய தீனி?

சரி, காலண்டரிடம் இதைக் கேட்பது நியாயமா? முழுக்க இல்லை. காலண்டர் நல்ல நேரம் சொல்லட்டும். ஆனால் இலக்கியத்திடம் கேட்கலாம். கேட்க வேண்டும்.

நம்மிடையே இரண்டு பழக்கமான குரல்கள். ஒன்று, உழைப்பவர் பக்கம் நின்றால் போதும், எழுத்து தானாக நல்லதாகிவிடும் என்கிறது. அந்த நம்பிக்கையில் வந்த கதைகள் சிலவற்றில், எவ்வளவு அடிபட்டாலும் கடைசிப் பத்தியில் தொழிலாளி முஷ்டியை உயர்த்தியாக வேண்டும். அது சிவப்புக் காலண்டர். சாமி இருந்த இடத்தில் முஷ்டி. இன்னொரு குரல், கலை புகார்ப் பெட்டி அல்ல, அது காலம் கடந்த மனித நிலையைப் பேச வேண்டும் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலம் கடந்த மனிதர் என்று ஒருவரைத் தேடிப் போனால், அவருக்கும் கன்னம் கொஞ்சம் ரோஸாக இருக்கிறது.

இரண்டுக்கும் வெளியே நிற்கிற ஆளாக எனக்குப் பூமணி தெரிகிறார். 1979இல் வந்த 'பிறகு' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திர இந்தியாவில், கரிசல் கிராமத்தில் செருப்புத் தைத்துப் பிழைக்கிற அழகிரியின் வாழ்க்கை. புதிய குடியரசு என்ன கொண்டுவந்தது என்ற பெரிய கேள்வியைத் தலைப்பின் ஒரே சொல்லில் வைத்துவிட்டு, நாவல் முழுக்கத் தோலையும் கூலியையும் வசவையும் சாவையும் பேசுகிறது. கொடியும் இல்லை, முஷ்டியும் இல்லை. அவர் இயக்கிய 'கருவேலம் பூக்கள்' படம், தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளையை அனுப்புகிற கரிசல் குடும்பத்தைப் பற்றியது. அங்கே வில்லனைக் காட்டி நம்மைத் தப்பவிட அவர் தயாரில்லை. பிள்ளையை அனுப்புவது பெற்றவர்கள்தான். அனுப்ப வைப்பது காய்ந்த நிலம். அதில் லாபம் பார்ப்பது வேறு ஆட்கள். மூன்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறார். யாருடைய தீனியை யார் எடுத்தார்கள் என்பது தெளிவாக இருக்கிறது. மாடு புகார் சொல்கிறது.

குறிப்பாக இருப்பது அழகியல் விஷயமும்தான், நீதி விஷயமும்தான் என்பதே நான் சொல்ல வருவது. பெருமை எப்போதும் பொதுவாக இருக்கும். எல்லா விவசாயியும் சிரிப்பார், எல்லா லட்சுமியும் காசு கொட்டுவாள். புகார் பொதுவாக இருக்க முடியாது. அதற்கு இடமும் நாளும் ஆளும் வேண்டும். அதனால்தான் புகாரைச் சகிக்காத ஆட்சிகளில் கலை முதலில் இழப்பது விவரத்தை. புகாரை வாங்க ஆளில்லாத சந்தையிலும் அதேதான் நடக்கிறது. இங்கே யாரும் தடுப்பதில்லை, அச்சடிப்பதில்லை, அவ்வளவுதான்.

பயர் ஆபீசைப் பற்றி இன்னும் எழுதப்படாதது நிறைய இருக்கிறது. பச்சைப் பட்டாசு தீர்ப்புக்குப் பிறகு மூடிக் கிடந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கியவர்கள், விபத்து நிவாரணத் தொகை வந்தபோது வீட்டுக்குள் நடந்த சண்டைகள், கையில் ஏறிய அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் கல்யாணத்தன்றும் போகாத பெண்கள். சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் இப்போது இருபது வயதில் இருக்கிற பலருக்கு இவை வீட்டுப் பேச்சு. அவர்களில் சிலராவது இதைப் படிக்கக்கூடும். 'கரிசல் இலக்கியம்' என்ற பெயருக்குப் பொருத்தமாக எழுத வேண்டியதில்லை. உங்கள் தெருவில் யார், எந்த ஆபீசில், எந்த ஷெட்டில், எந்தத் தேதியில் என்று தொடங்குங்கள். அந்தத் தேதியின் காலண்டர் தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாகத்தான் இருக்கும். பால் கணக்கு எழுத எடுத்துக்கொள்கிற இடம் அது.